டயட் சோடா குடித்தால் எடை குறையுமா?

வாசகர் கேள்விகள் – உணவு ஆலோசகர் பதில்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. உயரம் 162 செ.மீ., எடை 78 கிலோ. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். தினமும் மாலையில் ஒரு டின் கோலா குடிக்கும் பழக்கம் பல ஆண்டுகளாக இருந்தது. எடையைக் குறைக்க வேண்டும் என்று மூன்று மாதங்களுக்கு முன் முடிவெடுத்தபோது, சர்க்கரை இல்லாத டயட் கோலாவுக்கு மாறினேன். இப்போது நாளொன்றுக்கு இரண்டு டின் ஆகிவிடுகிறது. முதல் மாதம் ஒரு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு எடை அப்படியே நிற்கிறது. காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் அலுவலக கேன்டீன் சாப்பாடு, மாலையில் டயட் கோலாவுடன் ஏதாவது ஸ்நாக்ஸ், இரவு சப்பாத்தி. நடுநடுவே நான்கு முறை காபி. டயட் கோலாதான் எடையைக் குறையவிடாமல் தடுக்கிறது, அது புற்றுநோயையும் கொண்டுவரும் என்று அலுவலகத் தோழி சொல்கிறார். நான் அதை நிறுத்திவிட வேண்டுமா?
– சென்னை வாசகி

பதில்: உங்கள் எடை நின்றுபோனதற்கு அந்த டின் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால், எடை குறைவதற்கு அது இனிமேல் பெரிதாக உதவப் போவதும் இல்லை. அது செய்யக்கூடிய உதவியை முதல் மாதத்திலேயே செய்து முடித்துவிட்டது.

நீங்கள் முன்பு குடித்துவந்த சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லி டின் என்றால் ஏறக்குறைய 32 கிராம். ஆலோசனைக்கு வருபவர்களிடம் இந்த எண்ணை நான் வாயால் சொல்வதில்லை. மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து, சர்க்கரை டப்பாவையும் தேக்கரண்டியையும் அவர்கள் கையிலேயே கொடுத்து அளந்து போடச் சொல்வேன். கரண்டிக்கு 5 கிராம் என்று கொண்டால், ஆறு கரண்டி போட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் போட வேண்டியிருக்கும். நான்காவது கரண்டியிலேயே பலரும் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்தச் சர்க்கரையின் ஆற்றல் சுமார் 127 கலோரி. தினமும் ஒரு டின் என்றால் மாதத்துக்கு 3,800 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் தோராயமாக 7,700 கலோரி அடங்கியிருப்பதாகக் கணக்கிடுவார்கள். ஆகவே, சாப்பாட்டில் வேறெதையும் மாற்றாமல் கோலாவின் சர்க்கரையை மட்டும் விட்டிருந்தாலே மாதத்துக்கு அரைக் கிலோ வரை குறைந்திருக்கும். உங்களுக்கு முதல் மாதம் கிடைத்த பலனில் இதற்கு ஒரு நல்ல பங்கு உண்டு. அதைச் சாதித்ததற்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். பல ஆண்டுப் பழக்கத்தை விடுவது எளிதான காரியமில்லை. ஆனால், விட்டுவிட்ட சர்க்கரையை இரண்டாம் முறை விட முடியாது. அடுத்த கிலோ குறைய வேண்டுமானால் அது உங்கள் தட்டிலிருந்துதான் குறைய வேண்டும்.

இது பற்றி நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் காட்டுகின்றன. அமெரிக்காவில் 303 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, இரு குழுவினருக்கும் ஒரே எடைக்குறைப்புப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு குழு டயட் பானங்களைக் குடிக்கலாம். மற்றது அவற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டுமே குடிக்க வேண்டும். ஓராண்டு முடிவில் டயட் பானக் குழுவுக்குச் சராசரியாக 6.2 கிலோவும் தண்ணீர்க் குழுவுக்கு 2.5 கிலோவும் குறைந்திருந்தன. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்களின் சங்கம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈரானில் எடை கூடிய 62 பெண்களை வைத்து 24 வாரம் நடத்திய ஆய்விலோ முடிவு நேர்மாறாக வந்தது: மதிய உணவுக்குப் பின் தண்ணீர் குடித்தவர்களுக்கு 8.8 கிலோவும், டயட் பானம் குடித்தவர்களுக்கு 7.6 கிலோவும் குறைந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் குழுவிலும் எடை கூடவில்லை. எல்லாருக்கும் குறைந்தே இருக்கிறது. அதைக் குறைத்தது அவர்கள் அனைவரும் பின்பற்றிய உணவுத் திட்டம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். டயட் பானம் எடையைக் குறையவிடாமல் தடுக்கும் என்பது உண்மையானால், அதைக் குடித்த குழுக்களுக்கு இவ்வளவு குறைந்திருக்காது.

உங்கள் தோழி சொல்வதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. டயட் பானம் குடிப்பவர்களைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த ஆய்வுகள் சிலவற்றில், அவர்களிடையே உடற்பருமனும் நீரிழிவும் இதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் டயட் பானத்தைத் தேடிப் போகிறவர்கள் யார்? எடை கூடிவிட்டது என்று கவலைப்படுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும்படி மருத்துவர் எச்சரித்தவர்களும்தானே? ஊன்றுகோல் வைத்திருப்பவர்களிடையே முழங்கால் வலி அதிகம் என்பதால், வலியைக் கொடுத்ததே ஊன்றுகோல்தான் என்று சொல்லிவிட முடியாது. இந்தச் சிக்கல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கும் தெரியும். 2023 மே மாதம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையில்லா இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது வழிகாட்டியபோது, அதை நிபந்தனைக்கு உட்பட்ட பரிந்துரை என்றே குறிப்பிட்டது. நீண்ட காலப் பயன்பாட்டால் எடை குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அந்தப் பரிந்துரையின் சாரம். ஒரு டின் குடித்தால் ஆபத்து என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் நீங்கள் ஒரே சொல்லில் கடந்துபோன இடம்தான் என் கண்ணில் பட்டது: “ஏதாவது ஸ்நாக்ஸ்.” உங்களைப் போலவே எடை நின்றுபோய் என்னிடம் வந்த ஒருவர், தாம் சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் மாலை நாலரை மணிக்கு நேராக “டயட் கோலா – 0 கலோரி” என்று பெரிய எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் “கொஞ்சம் மிக்சர்”. அந்தக் கொஞ்சத்தை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். 60 கிராம் இருந்தது. எண்ணெயில் பொரித்த மிக்சர் 100 கிராமுக்கு 500 கலோரிக்குக் குறையாது. ஆகவே அவருடைய கொஞ்சம் மிக்சர் 300 கலோரி. கோலாவின் சர்க்கரையை விட்டதில் அவர் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பானத்தில் மிச்சம் பிடித்துவிட்டோம், இதைச் சாப்பிட்டால் என்ன என்று மனம் கொடுத்துக்கொள்ளும் அனுமதி அது. டயட் சோடாவில் நான் பார்க்கும் பெரிய தொல்லையே இந்த அனுமதிதான். இனிப்பூட்டியைப் பற்றி எனக்கு அந்த அளவு கவலை இல்லை.

அடுத்தது காபி. எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் வழக்கமாகப் போடும் இரண்டு கரண்டி என்றால், நான்கு காபிக்கு 40 கிராம், அதாவது 160 கலோரி. நாள் முழுவதற்கும் சேர்த்துச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கோலாவில் நீங்கள் விட்ட சர்க்கரையைவிட அதிகமான சர்க்கரை, யாருடைய சந்தேகத்துக்கும் ஆளாகாமல், டபராவிலும் தம்ளரிலும் வந்துகொண்டிருக்கக்கூடும்.

புற்றுநோய் பற்றிய அச்சத்தையும் சற்று விளக்க வேண்டும். 2023 ஜூலையில், உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டயட் கோலாவில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டியைப் ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. கல்லீரல் புற்றுநோய் தொடர்பாகக் கிடைத்த குறைவான சான்றுகளே அதற்குக் காரணம். எடை குறைய வேண்டும் என்று பலரும் குடிக்கிறார்களே கற்றாழைச் சாறு, அந்தக் கற்றாழையின் முழு இலைச் சாறும் இதே 2பி பிரிவில்தான் இருக்கிறது. எவ்வளவு உட்கொண்டால் தீங்கு என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. அதைச் சொல்வது வேறொரு நிபுணர் குழு. அஸ்பார்டேமின் அன்றாட வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்று அந்தக் குழு அப்போதே அறிவித்தது. ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் எடைக்கு அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் பத்து டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். நீங்கள் குடிப்பது இரண்டு.

அப்படியானால் இரண்டு டின்னையும் தொடரலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சர்க்கரை இல்லாவிட்டாலும் கோலா அமிலத்தன்மை மிகுந்த பானம். தினமும் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல்லின் எனாமல் கரையும். நான்கு காபியோடு கோலாவின் கஃபீனும் சேர்ந்தால் இரவுத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவர்களுக்கு மறுநாள் பசி கூடும் என்பது எடை குறைக்க நினைப்பவர்கள் மறக்கக் கூடாத செய்தி. ஆகவே ஒரே நாளில் நிறுத்திவிட்டு ஏங்குவதைவிட, இந்த வாரம் முதல் ஒரு டின்னாகக் குறையுங்கள். அதையும் ஸ்நாக்ஸ் நேரத்திலிருந்து பிரித்து மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மாலை நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு தம்ளர் மோரும் இருக்கட்டும். காபியை இரண்டாகக் குறைத்து, சர்க்கரையை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு அதற்குப் பழகிக்கொள்ளும். அடுத்த மாதம் அந்த ஒரு டின்னையும் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆக்கலாம்.

உங்கள் உயரத்துக்கு உடல் நிறை எண் 29.7 வருகிறது. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று கணக்கு. ஆனால் நீங்கள் 60 கிலோவை மனதில் வைத்துக்கொண்டு வருந்த வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தாலே ரத்தச் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும்.

கேள்வி: எனக்கு 58 வயது, பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன், ஓராண்டாக இன்சுலினும் போட்டுக்கொள்கிறேன். எடையும் அதிகம். விசேஷ வீடுகளில் எல்லாரும் குளிர்பானம் குடிக்கும்போது நான் மட்டும் டயட் சோடா குடிக்கலாமா? அது ரத்தச் சர்க்கரையை ஏற்றுமா?
– கோவை வாசகர்

பதில்: விசேஷ நாட்களில் தாராளமாகக் குடிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரை, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அந்த அறிக்கையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. சர்க்கரை இல்லாத பானம், சர்க்கரை போட்ட பானத்தைப் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதில்லை. 2022-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 120 ஆரோக்கியமான பெரியவர்களிடம் இரண்டு வாரம் நடத்திய ஆய்வில், சாக்கரின், சுக்ரலோஸ் என்னும் இனிப்பூட்டிகள் சிலருடைய உடல் சர்க்கரையைக் கையாளும் விதத்தை மாற்றியதாகவும், அந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபட்டதாகவும் தெரியவந்தது. எனவே ஒருமுறை குடிப்பதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் வீட்டுக் கருவியில் சோதித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாப்பிட்ட ஜாங்கிரியின் கணக்கைச் சோடாவின் தலையில் கட்டிவிடாமல், சாதாரண நாளில் சோதிப்பது நல்லது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பாஸ்பாரிக் அமிலம் உள்ள கோலா வகைகளைத் தொடாதீர்கள்.

நீங்கள் இன்சுலின் போடுபவர் என்பதால் இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாழ்சர்க்கரை வந்து வியர்த்துக் கை நடுங்கும் வேளையில் டயட் சோடா உங்களுக்கு உதவாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெரியவருக்கு மயக்கம் வந்தபோது, பிரிட்ஜில் இருந்த பானத்தைப் பதற்றத்தில் எடுத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்தும் தெளியாததால் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது சர்க்கரை இல்லாதது என்று தெரிந்தது. நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சாதாரணக் குளிர்பானம் என்றால் 150 மில்லி போதும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதை உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ‘டயட்’, ‘ஜீரோ’, ‘சர்க்கரை குறைவு’ என்று பல பெயர்களில் பானங்கள் விற்கிறார்களே, என்ன வித்தியாசம்?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: டயட், ஜீரோ இரண்டிலுமே சர்க்கரை இல்லை, சுவையும் இனிப்பூட்டிகளின் கலவையும்தான் மாறுகின்றன. ‘சர்க்கரை குறைவு’ என்பதில் கவனம் தேவை. அதில் சர்க்கரையும் இனிப்பூட்டியும் சேர்ந்தே இருக்கலாம். முன்பக்கப் பெயரைப் பார்க்காமல், பின்பக்க அட்டவணையில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்ற வரியைப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் 950 என்றால் அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 என்றால் அஸ்பார்டேம், 955 என்றால் சுக்ரலோஸ், 960 என்றால் சீனித்துளசியிலிருந்து எடுத்தது. ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் 951 உள்ள எதையும் சாப்பிடக் கூடாது. அந்த எச்சரிக்கை டின்னிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எடை அதிகம். குளிர்பானம் கேட்டு அடம்பிடிக்கிறான். டயட் வகையை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாமா?
– திருநெல்வேலி வாசகி

பதில்: பழக்கமாக வேண்டாம் அம்மா. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாதம் தினமும் 250 மில்லி பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்கு 7.4 கிலோவும், சர்க்கரையில்லாப் பானம் குடித்தவர்களுக்கு 6.4 கிலோவும் கூடின. வளரும் பிள்ளைகள் என்பதால் எடை கூடுவது இயல்பு. அந்த ஒரு கிலோ வித்தியாசம் சர்க்கரையால் வந்தது. ஆனால் அந்த ஆய்வில் தண்ணீர் குடித்த குழு என்று எதுவும் இல்லை. சர்க்கரை சோடாவைவிட டயட் சோடா மேல் என்பதைத்தான் அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியும். பிள்ளைக்குக் கொடுக்கத் தகுந்தது என்று தெரிந்துகொள்ள முடியாது. நம் நாட்டில் செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பானங்களில், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்ற வாசகம் அச்சாகியிருப்பதையும் பாருங்கள்.

முதல் வேலையாக இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கி வீட்டில் வைப்பதை நிறுத்துங்கள். கண்ணில் படாத பாட்டிலுக்காகப் பிள்ளைகள் அதிக நேரம் அடம்பிடிப்பதில்லை. பிறந்தநாள், திருவிழா என்று வெளியே போகும்போது சிறிய பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அன்று அவன் விரும்புவதையே குடிக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் குடித்துக்கொண்டே அவனை மட்டும் தடுத்தால் நடக்காது என்பதையும் உரிமையோடு சொல்கிறேன்.

கேள்வி: டயட் சோடாவுக்குப் பதிலாக இளநீர், பன்னீர் சோடா, நன்னாரி சர்பத் போன்ற நம் ஊர்ப் பானங்களைக் குடித்தால் எடை குறையும் என்கிறார்களே? என் கணவருக்கு எடையோடு ரத்த அழுத்தமும் இருக்கிறது.
– சேலம் வாசகி

பதில்: நம் ஊர்ப் பானம் என்பதாலேயே அதில் சர்க்கரை இல்லாமல் போய்விடாது. பன்னீர் சோடாவிலும் சர்பத்திலும் இருப்பது சர்க்கரைப் பாகுதான். எடையைப் பொறுத்தவரை அவற்றுக்கும் கோலாவுக்கும் நான் வேறுபாடு பார்ப்பதில்லை. கடையில் பிழியும் பழச்சாற்றிலும் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை விழுவதை அருகில் நின்று பார்த்திருப்பீர்கள். இளநீரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 20 கலோரி. ஒரு காய்க்கு 50, 60 கலோரி என்று கணக்கில் வைத்துக்கொண்டு குடிக்கலாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில உடலில் பொட்டாசியத்தைக் கூட்டும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால், உங்கள் கணவர் தினமும் குடிப்பதானால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயு நிறைந்த அந்தச் சுறுசுறுப்புதான் வேண்டும் என்றால், வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து குடிப்பதைப் போல எளிதானது வேறில்லை. அதில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். கடையில் கேட்கும்போது சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொல்லாமல், போடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு மட்டும் உப்பும் வேண்டாம். வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை, இரண்டு புதினா இலை போட்டுக் கொடுங்கள். மோருக்கும் அதையே செய்யலாம்: உப்புக்குப் பதிலாக இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, தயிரைப் போல மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள்.